கம்ப்யூட்டருக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குப் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். மனை வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்திருக்கிறார்கள். அம்மாவின் பித்தப்பைக் கல்லை ஆபரேஷன் செய்து எடுப்பதா, நாட்டு மருந்து சாப்பிட்டுக் கரைப்பதா என்றுகூட ஒருமுறை பார்த்தார்கள். ஆபரேஷன் என்று வந்தது. அம்மா மறுபடியும் கட்டிப் பார்த்தாள். ஆனால் ஒரு பழைய கம்ப்யூட்டருக்காகப் பிள்ளையார் முன்னால் பூப்பொட்டலம் வைத்த குடும்பம் மதுரையில் எங்களுடையதாகத்தான் இருக்கும். பொட்டலத்தை எடுத்தவள் நான். அப்போது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்களிடம் வரும்போதே வயதானதுதான். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தார். அங்கே லேபுக்குப் புதிதாக வாங்கியபோது பழையவற்றை ஊழியர்களுக்கே மலிவாகத் தள்ளிவிட்டார்கள். அண்ணன் படிப்புக்கு ஆகும் என்று அப்பா ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றி, மானிட்டரைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். படிப்புக்கு என்று எங்கள் வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளும் படிப்புக்குப் பயன்பட்டதாக வரலாறு இல்லை. மறுவாரமே அண்ணன் அதில் துப்பாக்கி சுட ஆரம்பித்தான்.

சுடுவது என்றால் சும்மா இல்லை. அவன் விசையை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் குண்டு கிளம்பும். அதற்குள் எதிராளி அவனைச் சுட்டுவிட்டுப் போயிருப்பான். அண்ணன் "ஸ்ட்ரக் ஆயிருச்சு, ஸ்ட்ரக் ஆயிருச்சு" என்று மேஜையைத் தட்டுவான். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுபோனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தோம். வீட்டில் மனிதர்களுக்கு மேலே ஓடும் ஃபேன் மட்டும்தான். டேபிள் ஃபேன் முழுக்க அதற்கே என்றாகிவிட்டது.

எங்கள் வீட்டின் பின்கட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா ஒரு காலத்தில் பஸ் டிரைவராக இருந்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த வேலையை விட்டுவிட்டார். கண்ணில் பவர் ஏறிவிட்டது, அதனால் விட்டுவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். மொட்டை மாடியில் நின்றால் மெயின் ரோட்டில் போகும் பஸ்ஸின் போர்டை எனக்கு முன்னால் அவர்தான் படிப்பார். பவர் ஏறினால் கண் நன்றாகத் தெரியும்போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில், வருகிறவர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே நடந்தே போவார், நடந்தே வருவார். எவ்வளவு தூரமானாலும் பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டார். அத்தனை வருஷம் ஓட்டியவருக்குப் பஸ் சலித்துப்போயிருக்கும் என்பது என் எண்ணம்.

அதிகம் பேசாத மனிதர். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போட்டதைச் சாப்பிடுவார், தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். அவரிடம் எனக்குப் பயமும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. அந்தப் பஸ் விளையாட்டு வரும்வரை அப்படித்தான் இருந்தது.

அண்ணனின் சிநேகிதன் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தது அது. பஸ் ஓட்டுகிற விளையாட்டு. எந்த நாட்டிலோ செய்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து நம் ஊர்ப் பஸ்ஸை அப்படியே வரைந்து அதில் சேர்த்திருந்தான். தமிழில் ஊர்ப் பெயர் எழுதிய போர்டு, டிரைவர் தலைக்கு மேலே சாமி படம், ஜன்னல் கம்பி, எல்லாம் இருந்தன. இருபுறமும் புளியமரம் நிற்கும் ரோடுகூட இருந்தது. அண்ணன் அந்தப் பஸ்ஸை எடுத்து வரிசையாகப் புளியமரங்களில் மோதிப் பார்த்துவிட்டு அலுத்துப்போனான்.

அப்படி மோதிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பெரியப்பா கொல்லையிலிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர், அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார்.

"கிளட்ச மிதிக்காம கியர மாத்துனா வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

"இதுல கிளட்ச்சே கிடையாது பெரியப்பா."

"இல்லாட்டியும் மிதிக்கணும்ப்பா."

அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து இடம்கொடுத்தான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கீபோர்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேஜைக்கு அடியில், ஒன்றுமே இல்லாத சிமெண்டுத் தரையில், இடது காலை அழுத்தி வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதுவரை அண்ணன் கையில் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்த அதே பஸ், தலையில் நிறைகுடம் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்பிள்ளைபோல நகர்ந்தது. கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் ஓடியது. அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிரேக் பிடித்தது. "பழைய வண்டின்னா கொஞ்சம் முன்னக்கூட்டியே சொல்லி வைக்கணும்" என்று அவர் பாட்டுக்கு முன்கூட்டியே அழுத்தினார். வளைவு வரும்போது அவர் உடம்பு ஒரு நூல் சாய்ந்தது. கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் வீட்டுக் காலண்டர் தொங்கியது. அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தட்டுக் கழுவி வைக்கிற அந்த மனிதருக்குள் இவ்வளவு பெரிய ஆள் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் பஸ் ஓட்டிவிட்டுத்தான் திரும்பிப் போவார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். என்னைக் கண்டக்டர் ஆக்கியது அவர்தான். சித்திரைத் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் விசில் என்னிடம் இருந்தது. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்பலாம் என்று சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ்ஸை நிறுத்துவார். ஏற ஆளும் கிடையாது, இறங்க ஆளும் கிடையாது. ஆனாலும் நிறுத்தி, ஏறி இறங்க ஆகிற நேரம் காத்திருப்பார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்பார்.

"முன்னாடி யாருமில்லையே பாப்பா?"

நான் எட்டி ஸ்கிரீனைப் பார்ப்பேன். இருவருக்கும் ஒரே ஸ்கிரீன்தான். எனக்குத் தெரிவது அவருக்கும் தெரியும். ஆனாலும் கண்டக்டர் என்ற முறையில் நன்றாகப் பார்த்துவிட்டு, "யாருமில்ல பெரியப்பா, ரைட்" என்று இரண்டு விசில் கொடுப்பேன். அதன் பிறகே வண்டி நகரும். நான் விளையாட்டாக விசில் கொடுக்காமல் இருந்து பார்த்திருக்கிறேன். வண்டி நின்றபடியே நிற்கும்.

அந்த ரோட்டில் ஏன் ஒரு மனிதர்கூட இல்லை என்று அண்ணனைக் கேட்டேன். விளையாட்டில் எல்லாம் இருக்கிறது, ஆட்கள், லாரி, மாடு, மழை எல்லாம் உண்டு, இந்த டப்பாவுக்கு அதையெல்லாம் காட்டத் தெம்பு இல்லை, காட்டச் சொன்னால் ஸ்ட்ரக் ஆகிவிடும், அதனால் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன் என்றான். "ஆள் வேணும்னா வேற சிஸ்டம் வேணும்" என்று பெருமூச்சு விட்டான். ஆகவே புளியமரங்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல நின்றன. எப்போதும் ஒரே வெயில். அந்த வெயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்க்கொண்டே இருந்தோம்.

சித்திரை மாத வெயிலில் கம்ப்யூட்டர் தாங்கவில்லை. நடு ரோட்டில் அணைந்துவிடும். "இஞ்சின் சூடாயிருச்சு" என்று பெரியப்பா எழுந்து, ஈரத்துணியைப் பிழிந்து அதன் மேல் போடப்போனார். அண்ணன் பாய்ந்து தடுத்தான். பத்து நிமிஷம் பொறுத்தால் மறுபடி வரும். பிறகு அரை மணி ஆயிற்று. ஒருநாள் கருகின வாசனை வந்தது. அதோடு சரி, விளக்கு எரிந்தது, ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை.

பெரியப்பா மத்தியானம் வந்து சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், துணி போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டரை வாசல்படியில் நின்று பார்த்தார், போய்விட்டார். இது தினமும் நடந்தது. ஒரு வாரம் ஆனதும் பெரியம்மா முன்கட்டுக்கு வந்து அம்மாவிடம் உட்கார்ந்தாள். பெரியம்மா அந்த விளையாட்டை ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. அடுப்படியில் இருந்தபடியே என் விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

"அத எப்படியாச்சும் ஓட வச்சிருங்க. அது வந்ததுக்கு அப்புறந்தான் இந்த மனுசன் ராத்திரி ஒழுங்காத் தூங்குனாரு. இப்ப மறுபடியும் கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்காரு" என்றாள்.

பஸ் ஓட்டினால் களைப்பு வரும், களைப்பு வந்தால் தூக்கம் வரும், இது எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்கள் வண்டி ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அம்மா அன்று சாயங்காலமே அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவும் அண்ணனும் கம்ப்யூட்டரை ஆரப்பாளையத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடம்பிடித்து நானும் போனேன். மாடிப்படி ஏறிப்போனால் சின்ன அறை. சுவர் முழுக்க வயர். கடைக்கார அண்ணன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, காற்றடிக்கும் மிஷினை உள்ளே காட்டினார். புழுதி புகைபோலக் கிளம்பியது. அதோடு ஒரு பல்லி முட்டையும் உருண்டு வந்தது. அது எங்கள் வீட்டுப் பல்லியுடையதா, பள்ளிக்கூடத்துப் பல்லியுடையதா என்று அப்பா ஆராய்ந்துகொண்டிருக்கும்போது நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அதற்கு முந்தின மாதம் எங்களைத் திருப்பரங்குன்றம் மலைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மேலே நின்று பார்த்தபோது ஊர் அப்படியே கீழே விரிந்து கிடந்தது. இங்கேயும் ஓர் ஊர் இருந்தது. பச்சைத் தரையில் தெருத்தெருவாகக் கோடுகள். தெருமுனைகளில் தண்ணீர்த் தொட்டிகள். நடுவில் கோபுரம்போல ஒன்று, அதன்மேல் சின்ன ஃபேன். அண்ணன் சுட்டது, பெரியப்பா ஓட்டியது, அந்த ரோடு, புளியமரம் எல்லாம் இதற்குள்ளிருந்துதான் வந்தது என்று கடைக்கார அண்ணன் சொன்னார். நான் என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "தொட்டுப் பாரு, ஷாக் அடிக்காது" என்றார். எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் சொன்ன தீர்ப்புதான் வீட்டைக் குழப்பியது. "போர்டு நல்லாத்தான் இருக்குண்ணே. கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டு, ராம் ஏத்தி, கரண்டு பெட்டிய மாத்துனம்னா சும்மா பறக்கும். ஆனா பழசு பழசுதான். நாளைக்கு வேற எதுவும் போச்சுன்னா என்னைக் கேக்கக்கூடாது. புதுசா ஒரு செட்டு அசெம்பிள் பண்ணிட்டா ஒரு தொல்லையும் இல்ல. உங்க இஷ்டம்."

அப்பாவுக்குப் பழசில் ஏற்றுவதே சரி என்று பட்டது. "அஸ்திவாரம் நல்லாருந்தா மேல மாடி எடுக்கலாம்" என்றார். "அண்டா குண்டாவுக்கெல்லாம் ஈயம் பூசலாம், கம்ப்யூட்டருக்குப் பூச முடியாதுப்பா" என்றான் அண்ணன். அவனுக்குப் புதிது வேண்டும். பெரியப்பாவின் தூக்கத்தைப் பற்றி அவன் திடீரென்று உருக்கமாகப் பேச ஆரம்பித்ததில் துப்பாக்கி விளையாட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. இரண்டு பேரும் மாறி மாறி ராம், ராம் என்று சொல்லிக்கொண்டிருந்ததால், இது ஏதோ பெருமாள் கோயில் சமாச்சாரம் என்று நான் முதலில் நினைத்தேன். கடைசியில் பெரியப்பாவையே கேட்டார்கள். அவர் துண்டை மடித்து மடித்து விரித்தார். "எனக்கு ஓடுனாப் போதும்ப்பா" என்றார். ஒரு முடிவுக்கும் வர முடியாமல் போனபோதுதான் அம்மா பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள்.

"பிள்ளையாருக்குக் கிராபிக்ஸ் கார்டப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அப்பா.

"பித்தப்பையப் பத்தி மட்டும் தெரிஞ்சுச்சுல்ல?"

அப்பா செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தார்.

தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் பூசாரி இரண்டு பூக்களை எடுத்துக்கொண்டார். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் பழசிலேயே ஏற்றுவது, செவ்வரளி வந்தால் புதிது வாங்குவது. இலையில் வைத்துப் பொட்டலமாகக் கட்டும்போது, "என்ன காரியம்மா?" என்று கேட்டார்.

"ஒரு பழசு இருக்கு. வச்சுக்கிருறதா, விட்டுறதான்னு" என்றாள் அம்மா.

"வீடா, மாடா?"

"கம்ப்யூட்டர்."

பூசாரி கொஞ்ச நேரம் பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு சூடத்தை ஏற்றினார்.

சின்னப் பிள்ளை எடுத்தால்தான் பலிக்கும் என்று என்னைத் தள்ளினார்கள். இரண்டு பொட்டலமும் ஒன்றுபோலவே இருந்தன. எதை எடுத்தாலும் பஸ் ஓடும் என்பதால் எனக்குக் கவலை இல்லை. இருந்தும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன், சாமிக்குப் பதிலாக நான் பேசப்போகிறேன் அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். நந்தியாவட்டை. அண்ணன், இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்றான். ஆபரேஷன் விஷயத்தில் இரண்டு தடவை எடுத்த அம்மா, சாமி குத்தம் ஆகிவிடும் என்று அவனை முறைத்தாள்.

கடைக்கார அண்ணன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். கண்முன்னால் மாட்ட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். புதிய கார்டு செங்கல் கனம் இருந்தது, அதற்கே சொந்தமாக இரண்டு ஃபேன். உள்ளே அது போய் உட்கார்ந்ததும் அந்தப் பச்சை ஊரில் புதிதாக ஒரு மில் கட்டியதுபோல ஆகிவிட்டது. சுவிட்சைப் போடப் போனபோது அம்மா தடுத்தாள். புது இஞ்சின் போட்ட வண்டி எலுமிச்சம்பழத்தில் ஏறாமல் கிளம்பலாமா? ஆனால் கம்ப்யூட்டருக்கு ஏது சக்கரம்? எல்லோரும் யோசித்தார்கள். அப்பாதான் கண்டுபிடித்தார். அதன் முன்னால் போட்டிருந்த நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது. குங்குமம் தடவிய பழத்தை நாற்காலிச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள் அம்மா. பெரியப்பா ஏறி உட்கார, அப்பாவும் கடைக்கார அண்ணனும் முதுகுப்பக்கமிருந்து தள்ள, பழம் நசுங்கிச் சாறு தரையில் ஓடியது. பெரியப்பா சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் விசிலை எடுத்துக்கொண்டு என் ஸ்டூலில் ஏறினேன்.

அண்ணன் பூஜ்யத்தில் வைத்திருந்ததையெல்லாம் முழுசாக ஏற்றிவிட்டு, "இப்பப் பாருங்க" என்றான்.

ஸ்கிரீனில் மழை பெய்துகொண்டிருந்தது. அது மழை என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பஸ் கண்ணாடியில் துளித்துளியாக விழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக வழிந்தது. வைப்பர் துடைத்துத் துடைத்துத் தள்ளியது. அட்டைபோல நின்ற புளியமரங்களுக்கு இலை வந்திருந்தது, ஒவ்வொரு இலையும் தனியாக ஆடியது. ரோட்டில் தேங்கிய தண்ணீரில் மரம் தலைகீழாகத் தெரிந்தது. எதிரே லாரி வந்தது. தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது, நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் ஆட்கள். எங்கே பார்த்தாலும் ஆட்கள். விளையாட்டைச் செய்த நாட்டுக்காரர்கள் என்பதால் புளியமரத்துக்கு அடியில் கோட்டுப் போட்டவர்களும் தொப்பி வைத்தவர்களும் நடந்துபோனார்கள். அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. இத்தனை பேரும் இவ்வளவு நாளும் அந்த டப்பாவுக்குள்ளேயே, வெளியே வரத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. அம்மா, "அடியாத்தி" என்று முணுமுணுத்தாள். அப்பா கம்ப்யூட்டரையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியப்பா வண்டியை எடுத்தார். மிக மெதுவாக. அவர் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. முதல் ஸ்டாப் வந்தது. அங்கே நிஜமாகவே ஆட்கள் நின்றார்கள். கண்டக்டர் ஆன நாளாக நான் பார்க்காத காட்சி அது. ஒரு விசில் கொடுத்தேன். வண்டி நின்றது. கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இறங்கிய ஒரு பெண் குடையை விரித்து, ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் வந்தாள்.

"முன்னாடி யாருமில்லையே பாப்பா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இருக்காங்க பெரியப்பா. நிறையப் பேரு இருக்காங்க" என்றேன்.

பஸ் நின்றபடியே நின்றது. அந்தப் பெண்ணும் பிள்ளையும் குறுக்கே நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் பார்த்துவிட்டு இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் நகரவில்லை. மறுபடியும் கொடுத்தேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"போச்சு, ஸ்ட்ரக் ஆயிருச்சு" என்றான் அண்ணன். "நான் அப்பவே சொன்னேன், பழச வச்சுக்கிட்டு மாரடிக்காதீங்கன்னு." மவுஸை ஆட்டினான். அம்பு ஓடியது. அப்பா கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை. கடைக்கார அண்ணன் காப்பி டம்ளரை வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. வைப்பர் ஓடியது. ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"மிஷின் நல்லாத்தான்ணே ஓடுது" என்றார் அவர் மெதுவாக. "பெரியவரு பிரேக்குல கை வச்சிருக்காரு."

அப்போதுதான் நாங்கள் பெரியப்பாவைப் பார்த்தோம். அவருடைய விரல் கீபோர்டில் ஒரு விசையின்மேல் இருந்தது. நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார். கண் ஸ்கிரீனைவிட்டு அசையவில்லை. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அப்பா, "அண்ணே" என்றார்.

அடுப்படியில் விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, அன்றுதான் முதல்முறையாக அந்த அறைக்குள் வந்தாள். ஸ்கிரீனை ஒருமுறை பார்த்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவர் விரலைப் பிடித்து விசையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். எடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா கடைக்கார அண்ணனிடம் கேட்டார். "இந்த ஆளுகள எடுத்துற முடியுமாப்பா?"

"அதுக்குத்தானண்ணே இம்புட்டும் போட்டது."

"எடுத்துற முடியுமா?"

கடைக்கார அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை அசைத்தார். அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விளையாட்டின் செட்டிங்குக்குள் போய், ஒரு கோட்டின்மேல் இருந்த பொத்தானை இடதுபக்கமாக இழுத்தான். கோட்டுக்காரர்கள் போனார்கள். தொப்பிக்காரர்கள் போனார்கள். லாரி போயிற்று. மழையையும் நிறுத்தச் சொன்னார் அப்பா. ரோடு வெயிலில் காய்ந்து கிடந்தது. புளிய இலைகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. வந்ததைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அவ்வளவு ஜனமும் ஒரு விரல் அசைவில் எங்கே போயிருக்கும்?

"அவங்கள்லாம் எங்க போனாங்க பெரியப்பா?"

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ் ஓட்டும்போது அவர் என் பக்கம் திரும்பியதே கிடையாது.

"வீட்டுக்குப் போயிட்டாகத்தா" என்றார். "எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போயிட்டாக."

நான் காலேஜுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே பெரியம்மா சொன்னாள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டாப். நல்ல மழை. பெரியப்பா வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்திருக்கிறார். இறங்கிய ஒரு பெண் பஸ்ஸை ஒட்டியே முன்பக்கமாகக் குறுக்கே வந்ததை மழையில் விசில் கொடுத்தவரும் பார்க்கவில்லை, வண்டியை எடுத்தவரும் பார்க்கவில்லை. அவள் பிழைக்கவில்லை. பெரியப்பாமேல் தப்பு இல்லை என்றுதான் கோர்ட்டில் சொன்னார்கள். அதை அவரைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சாவியைக் கொண்டுபோய் டெப்போவில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து நடக்க ஆரம்பித்தவர்தான். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றாள் பெரியம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. இவ்வளவு பெரிய கார்டைப் போட்டும் ரோடு பழையபடி காலியாகக் கிடக்கிறதே என்று அண்ணன் அழாத குறையாக நின்றுகொண்டிருந்தான். பெரியம்மா அடுப்படிக்குப் போகவில்லை. நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"முன்னாடி யாருமில்லையே பாப்பா?"

நான் ஸ்டூலில் எழுந்து நின்று, எட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்தேன்.

"யாருமில்ல பெரியப்பா. ரைட்."

இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் நகர்ந்தது. அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார், முகம் அப்படியே தெளிந்துவிட்டது. புதுக் கார்டு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.